வாஷிங்டனில் விடைபெற்ற சொல்

1950-ல் டெல்லியில் உச்ச நீதிமன்றத்துக்கென்று தனிக் கட்டடம் கிடையாது. நாடாளுமன்றக் கட்டடத்துக்குள், ஒரு காலத்தில் சமஸ்தான மன்னர்கள் கூடிப் பேசிய மண்டபத்தில்தான் நீதிபதிகள் அமர்ந்தார்கள். அந்த மண்டபத்துக்கு வந்த முதல் பெரிய அரசியல் சட்ட வழக்கு சென்னை ராஜ்யத்திலிருந்து வந்தது. வழக்குத் தொடுத்தவர் சிறையில் இருந்தார். பெயர் ஏ.கே. கோபாலன்.

சென்னைக்கு அவர் புதியவர் அல்ல. 1936-ல் கண்ணூரிலிருந்து சென்னை வரை பட்டினி ஊர்வலம் நடத்திக்கொண்டு வந்த மலபார் தலைவர் அவர். அப்போது மலபார் சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். சுதந்திரம் வந்த சில மாதங்களில், 1947 டிசம்பரில், அவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். இடையில் நடந்த வழக்குகளில் விதித்த தண்டனைகள் ரத்தாயின. ஆனாலும் சிறைக் கதவு திறக்கவில்லை. 1950 ஜனவரி 26 அன்று அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாதமே நாடாளுமன்றம் தடுப்புக் காவல் சட்டத்தை நிறைவேற்றியது. மார்ச் 1-ம் தேதி, ஏற்கெனவே சிறையில் இருந்த கோபாலனிடம் அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு புது உத்தரவை நீட்டினார்கள்.

அவருக்காக வாதாட எழுந்தவர் சென்னை வழக்கறிஞர் எம்.கே. நம்பியார். அவர் கையில் இருந்த ஆயுதம் அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு. சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறைப்படி அன்றி எவருடைய உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிறது அது. அந்த 'சட்டம்' எது? நாடாளுமன்றம் கையைத் தூக்கி நிறைவேற்றும் எந்தச் சட்டமும் போதுமா? அல்லது நீதிக்கும் நியாயத்துக்கும் ஒத்துவரும் சட்டமாக இருக்க வேண்டுமா?

இந்தக் கேள்விக்கான விடை டெல்லியில் தீர்மானமாவதற்கு இரண்டரை ஆண்டு முன்னதாகவே வாஷிங்டனில் பாதி முடிவாகிவிட்டது. கதை அங்கே போயாக வேண்டும்.

1947 அக்டோபரில் பெனகல் நரசிங்க ராவ் வெளிநாட்டுப் பயணம் கிளம்பினார். பி.என். ராவ் என்றால்தான் பலருக்குத் தெரியும். மங்களூர்ப் பகுதியைச் சேர்ந்த குடும்பம், ஐ.சி.எஸ். அதிகாரி, கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். 1946-ல் அரசியல் நிர்ணய சபைக்கு அரசியல் சட்ட ஆலோசகரானார். சம்பளம் வாங்கிக்கொள்ளவில்லை. சபையில் அவர் உறுப்பினரும் அல்ல. எழுந்து பேசவோ வாக்களிக்கவோ அவருக்கு உரிமை கிடையாது. ஆனால் அம்பேத்கர் தலைமையிலான வரைவுக் குழு கையில் எடுத்துக்கொண்ட முதல் வரைவு, 243 பிரிவுகளும் 13 அட்டவணைகளும் கொண்டது, ராவ் தயாரித்தது. அந்த வரைவை முடித்துக் கொடுத்த கையோடு அமெரிக்கா, கனடா, அயர்லாந்து, பிரிட்டன் என்று நான்கு நாடுகளுக்குப் போய், அங்கே அரசியல் சட்டங்களை நடத்திப் பார்த்தவர்களிடம் நேரில் கேட்டுவர நினைத்தார்.

அவர் கேட்க நினைத்தவற்றில் முக்கியமானது ஒரு சொற்றொடர். 'டியூ பிராசஸ் ஆஃப் லா'. தமிழில் 'உரிய சட்ட நடைமுறை' என்று சொல்லலாம். 'உரிய' என்ற அந்த ஒரு சொல்லில்தான் அதன் உயிர் இருக்கிறது. அதுவே பல நாடு சுற்றிய சொல். 1215-ன் மாக்னா கார்ட்டாவில் கரு. 1354-ல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டு காலச் சட்டத்தில் இதே வடிவம். 1791-ல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஐந்தாவது திருத்தம். உள்நாட்டுப் போருக்குப் பிறகு 1868-ல் பதினான்காவது திருத்தம்.

இந்தியாவில் அடிப்படை உரிமைகளுக்கான துணைக் குழு 1947-ல் கூடியபோது, அம்பேத்கர் கொடுத்த வரைவிலும் இந்தச் சொற்றொடர் இருந்தது, கே.எம். முன்ஷி கொடுத்த வரைவிலும் இருந்தது. இருக்காதா பின்னே? ரௌலட் சட்டத்தின் கீழும் போர்க்கால விதிகளின் கீழும் விசாரணையே இல்லாமல் மனிதர்களை அள்ளிக்கொண்டு போன ஆட்சியை எதிர்த்து நின்ற தலைமுறை அது. உயிர், சுதந்திரம், சொத்து மூன்றையும் உரிய சட்ட நடைமுறை இன்றிப் பறிக்கக் கூடாது என்று எழுதினார்கள். ஜமீன் ஒழிப்புக்கு நீதிமன்றம் குறுக்கே நிற்குமே என்ற கவலை கோவிந்த வல்லப பந்த் போன்றவர்களுக்கு வந்தது. அதனால் ஏப்ரலிலேயே 'சொத்து' என்ற சொல்லை அந்தப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். உயிரும் சுதந்திரமும் மிஞ்சின. வாசகர்கள் இந்த ஏப்ரல் மாதத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ராவுக்கோ கிளம்பும் முன்பே அந்தச் சொல்மீது சந்தேகம். அமெரிக்க நீதிமன்றங்கள் அதை வைத்துக்கொண்டு என்னென்ன செய்தன என்பதைப் படித்துத் துணைக் குழுவை எச்சரித்தும் இருந்தார். அந்தச் சந்தேகத்துடன்தான் வாஷிங்டனில் உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபீலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தார்.

ஃபிராங்க்ஃபர்ட்டர் வியன்னாவில் பிறந்து, பன்னிரண்டு வயதில் அமெரிக்கா வந்த யூதச் சிறுவன். ஹார்வர்டில் சட்டப் பேராசிரியராகி, ரூஸ்வெல்ட்டால் 1939-ல் உச்ச நீதிமன்றத்தில் அமர்த்தப்பட்டவர். அவர் ராவிடம் சொன்னது சுருக்கமானது. டியூ பிராசஸ் என்ற பெயரில் நீதிபதிகளுக்குக் கிடைக்கும் அதிகாரம் ஜனநாயகத்துக்குப் பொருந்தாது. மக்கள் பிரதிநிதிகள் இயற்றிய சட்டத்தைச் சில நீதிபதிகள் தடுத்துவிட முடிகிறது. நீதிமன்றத்துக்கும் அது தாங்க முடியாத சுமை.

ஒரு நீதிபதியே நீதிபதிகளுக்கு இவ்வளவு அதிகாரம் வேண்டாம் என்று ஏன் சொன்னார்? அதற்கு ஒரு ரொட்டிக்கடையின் கதை தெரிய வேண்டும்.

நியூயார்க் மாநிலத்தின் யூடிகா நகரில் ஜோசப் லாக்னர் என்பவர் ரொட்டிக்கடை வைத்திருந்தார். அடுமனைத் தொழிலாளிகள் பெரும்பாலும் நிலவறைகளில், மாவுத்தூளும் வெக்கையுமாக, இரவு பகலாக உழைத்த காலம். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், வாரத்துக்கு அறுபது மணி நேரம், அதற்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்று 1895-ல் மாநிலம் சட்டம் போட்டது. லாக்னர் மீறினார், ஐம்பது டாலர் அபராதம் விழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1905-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிபதிகள் அந்தச் சட்டத்தையே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். முதலாளியும் தொழிலாளியும் எத்தனை மணி நேரத்துக்கு வேண்டுமானாலும் ஒப்பந்தம் செய்துகொள்வது அவர்களுடைய 'சுதந்திரம்', அதை டியூ பிராசஸ் காக்கிறது என்பது தீர்ப்பு. நடைமுறையைப் பற்றிய சொல், சட்டம் நல்லதா கெட்டதா என்று எடைபோடும் தராசாக மாறியது.

ஃபிராங்க்ஃபர்ட்டருக்கு இது வெறும் படிப்பறிவு அல்ல. வாஷிங்டன் நகரில் வேலை செய்யும் பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்த சட்டத்தைக் காப்பாற்ற, இளம் பேராசிரியராக அவரே உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். 1923-ல் ஐந்துக்கு மூன்று என்று தோற்றார். காரணம் அதே டியூ பிராசஸ். பெருமந்த காலத்தில் ரூஸ்வெல்ட்டின் திட்டங்கள் சிலவும் அந்த நீதிமன்றத்தில்தான் அடிபட்டு விழுந்தன. 1937-ல் நீதிமன்றம் தன் 1923 தீர்ப்பைத் தானே கைவிடும்வரை அந்தப் போராட்டம் ஓயவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்களே, அப்படித்தான் அந்தத் தலைமுறை அமெரிக்கச் சட்ட அறிஞர்கள் அந்தச் சொல்லைக் கண்டு விலகி நின்றார்கள்.

இங்கே நின்று ஒன்றைக் கவனிக்க வேண்டும். ராவ் வாஷிங்டன் போன அதே 1947-ல், ஜூன் மாதம், ஆடம்சன் என்ற கலிஃபோர்னியா கைதியின் வழக்கில் ஃபிராங்க்ஃபர்ட்டரே தனித் தீர்ப்பு எழுதியிருந்தார். குற்ற வழக்கில் ஒரு மனிதனை நடத்தும் விதம் கண்ணியத்துக்கும் நியாயத்துக்கும் பொருந்துகிறதா என்று பார்ப்பது நீதிமன்றத்தின் கடமை, டியூ பிராசஸ் அதைத்தான் கேட்கிறது என்ற கருத்து அதில் இருக்கிறது. ஆக, கைதிக்கு நியாயமான விசாரணை கிடைப்பதை அவர் எதிர்க்கவில்லை. அவரைச் சுட்டது தொழிலாளர் சட்டங்களைச் சாய்த்த டியூ பிராசஸ். அந்த வேறுபாடு கடல் தாண்டி வரவில்லை. எச்சரிக்கை மட்டும் வந்தது.

டிசம்பர் தொடக்கத்தில் ராவ் திரும்பினார். 1948 பிப்ரவரியில் வரைவுக் குழு தன் வரைவை ஒப்படைத்தபோது 'டியூ பிராசஸ்' அதில் இல்லை. அதற்குப் பதிலாக 'சட்டத்தால் நிறுவப்பட்ட நடைமுறை' வந்து உட்கார்ந்திருந்தது. 'சுதந்திரம்' என்பதற்கு முன்னால் 'தனிமனித' என்ற அடைமொழியும் சேர்ந்திருந்தது. புதிய சொற்றொடர் எங்கிருந்து வந்தது என்பதைக் குழு மறைக்கவில்லை: ஜப்பான் அரசியல் சட்டத்தின் 31-வது பிரிவு.

அந்த ஜப்பானிய வாசகத்துக்கும் வேர் அமெரிக்காவில்தான் இருக்கிறது. போரில் தோற்ற ஜப்பானுக்கு 1946 பிப்ரவரியில் ஏறக்குறைய ஒரே வாரத்தில் அரசியல் சட்ட வரைவு எழுதிக் கொடுத்தவர்கள் ஜெனரல் மக்ஆர்தரின் அதிகாரிகள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய சார்லஸ் கேடிஸ், ரூஸ்வெல்ட் நிர்வாகத்தில் வழக்கறிஞராக வேலை பார்த்தவர். தங்கள் நாட்டின் பிரபலமான சொற்றொடரை அவர்கள் ஜப்பானுக்குத் தரவில்லை. ஆகவே டியூ பிராசஸை விட்டுவிட்டு இந்தியா எடுத்துக்கொண்ட மாற்றும், டோக்கியோ வழியாகச் சுற்றிவந்த அமெரிக்க எழுத்துதான்.

1948 டிசம்பர் 6-ம் தேதி இந்தப் பிரிவு சபையில் விவாதத்துக்கு வந்தது. காஜி சையத் கரிமுதீன் பழைய சொற்றொடரையே திரும்பக் கொண்டுவரத் திருத்தம் முன்மொழிந்தார். வரைவுக் குழு உறுப்பினரான முன்ஷியே, குழுவின் வரைவுக்கு எதிராக, டியூ பிராசஸ் வேண்டும் என்று பேசினார். ஆனால் அன்றைய பேச்சுகளில் மிகக் கூர்மையானது சென்னையிலிருந்து வந்த உறுப்பினர் மஹபூப் அலி பேக்கினுடையது. ஜப்பானிடமிருந்து 31-வது பிரிவை எடுத்தீர்கள், சரி. அதன் பக்கத்திலேயே இருக்கும் மற்றப் பிரிவுகளை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார். நீதிமன்றத்தை அணுகும் உரிமை எவருக்கும் மறுக்கப்படக் கூடாது என்பது அங்கே 32. காரணம் சொல்லாமலும் வழக்கறிஞரின் உதவி இல்லாமலும் காவலில் வைக்கக் கூடாது என்பது 34. ஆணை இல்லாமல் வீடு புகுந்து சோதனை கூடாது என்பது 35. இவையெல்லாம் சுற்றி நின்று காவல் காப்பதால்தான் ஜப்பானில் 31 அப்படி இருக்க முடிகிறது. வேலியை விட்டுவிட்டுக் கதவை மட்டும் பெயர்த்துக்கொண்டு வந்தால் அது எந்த வீட்டைக் காக்கும்? பிற நாட்டுச் சட்டத்தை எடுத்தாள்வது பற்றி அந்தச் சபையில் எழுந்த கேள்விகளில் இதற்கு இணையாகச் சிலவற்றையே சொல்ல முடியும்.

வரைவை ஆதரித்து உறுதியாக நின்றவர் சென்னையின் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். அமெரிக்கத் தீர்ப்புகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதைக் காட்டினார். அப்படிப்பட்ட நிச்சயமற்ற அதிகாரத்தை நீதிபதிகளிடம் கொடுத்தால் சமூகச் சட்டங்கள் முடங்கும் என்பது அவர் வாதம்.

ஒரு வாரம் கழித்து, 13-ம் தேதி, அம்பேத்கர் பதில் சொல்ல எழுந்தார். கட்சிக்காரர்களால் நிரம்பிய சட்டமன்றம் மனிதனின் உயிரையும் சுதந்திரத்தையும் மிதிக்கும் சட்டத்தைக் கொண்டுவரக்கூடும் என்றார். உச்ச நீதிமன்றத்தில் அமரும் ஐந்தாறு பேர் தங்கள் சொந்த மனச்சாய்வை வைத்துச் சட்டங்களைத் தள்ளிவிடக்கூடும் என்பதையும் சொன்னார். இரண்டில் எது குறைந்த ஆபத்து என்று தம்மால் தீர்மானிக்க முடியவில்லை, சபையே முடிவு செய்யட்டும் என்று விட்டுவிட்டார். எதையும் ஐயமறப் பேசும் அம்பேத்கரிடமிருந்து இப்படி ஒரு பதில் அபூர்வம். முடிவில் திருத்தங்கள் தோற்றன.

இப்போது அந்த ஏப்ரல் மாதத்துக்குத் திரும்பலாம். லாக்னரின் ரொட்டிக்கடை டியூ பிராசஸுக்குள் நுழைந்தது இரண்டு வாசல்கள் வழியாக: ஒன்று 'சொத்து', இன்னொன்று விரிந்த பொருளுள்ள 'சுதந்திரம்'. முதல் வாசலை இந்தியா 1947 ஏப்ரலிலேயே அடைத்துவிட்டது, ஃபிராங்க்ஃபர்ட்டரை ராவ் பார்ப்பதற்கு ஆறு மாதம் முன்பே. இரண்டாவது வாசலை 'தனிமனித' என்ற அடைமொழி அடைத்துவிட்டது. ஃபிராங்க்ஃபர்ட்டர் பயந்த ஆபத்து பெரும்பாலும் நீங்கிவிட்ட பிறகும் சொல் வெளியேற்றப்பட்டது. பிரிவினைக் கலவரங்கள், அகதிகள், தெலங்கானா ஆயுதப் போராட்டம் என்று நாடு கொதித்துக்கொண்டிருந்த நேரத்தில், விசாரணை இல்லாமல் காவலில் வைக்கும் அதிகாரம் தேவை என்று ஆட்சியில் இருந்தவர்கள் நினைத்தார்கள். அடுமனைத் தொழிலாளியைக் காக்கச் சொன்ன அமெரிக்க அறிவுரை, இந்தியாவில் சிறைக்காரனுக்குத் துணையாக வந்து நின்றது. ராவும் அல்லாடியும் உள்நோக்கத்தோடு செய்தார்கள் என்று சொல்ல இடமில்லை. ஆனால் விளைவு அதுதான்.

அம்பேத்கருக்கும் மனம் ஆறவில்லை. 1949 செப்டம்பரில் 15-ஏ என்ற புதிய பிரிவைக் கொண்டுவந்தார். முந்தைய பிரிவு நாடாளுமன்றத்துக்கு வரம்பில்லாத அதிகாரம் தந்துவிட்டது என்ற அதிருப்தி பலருக்கு இருப்பதை ஒப்புக்கொண்டு, இது அதற்கு ஓர் ஈடு என்றார். கைதுக்குக் காரணம் சொல்ல வேண்டும், வழக்கறிஞரை அணுக விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்ற இன்றைய 22-வது பிரிவு அப்படிப் பிறந்ததுதான். தடுப்புக் காவலும் அதே பிரிவுக்குள் இடம் பிடித்துக்கொண்டது.

மீண்டும் 1950, மன்னர்களின் மண்டபம். சபை கதவைச் சாத்தி வெளியே அனுப்பிய டியூ பிராசஸை நம்பியார் நீதிமன்றத்தின் வழியாக உள்ளே அழைத்துவரப் பார்த்தார். 21-வது பிரிவில் 'சட்டம்' என்றால் இயற்கை நீதி என்று வாதிட்டார். மே 19-ம் தேதி தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி கனியா, வரைவுக் குழு அந்த அமெரிக்கச் சொல்லைத் தெரிந்தே விலக்கியிருக்கிறது என்பதைச் சுட்டிக்காட்டினார். சபை வேண்டாம் என்றதை நீதிமன்றம் எப்படிக் கொடுக்க முடியும்? நீதிபதி எஸ்.ஆர். தாஸ் இன்னும் தூரம் போனார். எட்டாம் ஹென்றி காலத்தில் ரோச்செஸ்டர் பிஷப்பின் சமையல்காரனைக் கொதிக்க வைத்துக் கொல்ல ஆங்கில நாடாளுமன்றம் சட்டம் இயற்றியதை நினைவுபடுத்தினார். நாடாளுமன்றம் வகுக்கும் நடைமுறை நீதிபதிகளின் நியாய உணர்வைப் புண்படுத்தலாம், ஆனாலும் அதைத் தடுக்க நம் அரசியல் சட்டத்தில் நீதிமன்றத்துக்கு வழியில்லை என்பது அவர் நிலை.

காவல் காரணங்களை நீதிமன்றத்திலும் வெளியிடக் கூடாது என்ற, தடுப்புக் காவல் சட்டத்தின் 14-வது பிரிவு மட்டும் அடிபட்டது. கோபாலனின் மனு நான்குக்கு இரண்டு என்று தள்ளுபடியானது.

மாறுபட்ட இருவரில் ஒருவர் சையத் ஃபசல் அலி. நடைமுறை என்ற சொல்லுக்குள்ளேயே நான்கு விஷயங்கள் அடங்கும் என்று அவர் எழுதினார்: முன்னறிவிப்பு, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு, பாரபட்சமற்ற தீர்ப்பாயம், ஒழுங்கான விசாரணை முறை. ஜப்பானிலிருந்து வந்த வார்த்தைகளை வைத்துக்கொண்டே கைதிக்கு நியாயம் செய்ய முடியும் என்று காட்டிய தீர்ப்பு அது. இருபத்தேழு ஆண்டுகள் அது மாறுபட்ட தீர்ப்பாகவே கிடந்தது. அந்த ஆண்டுகளுக்குள்தான் நெருக்கடி நிலையும் வந்தது.

1977 ஜூலையில் மேனகா காந்தியின் பாஸ்போர்ட்டை அரசு பறித்தது. பொதுநலன் கருதி என்றார்கள். அந்தப் பொதுநலன் என்ன என்று விளக்க மறுத்தார்கள். ஏழு நீதிபதிகள் கேட்ட அந்த வழக்கில் 1978 ஜனவரி 25-ம் தேதி தீர்ப்பு வந்தது. நடைமுறை என்று ஏதோ ஒன்று இருந்தால் போதாது, அது நியாயமாகவும் நேர்மையாகவும் இருக்க வேண்டும் என்று பெரும்பான்மை சொன்னது. தமிழ்நாட்டிலிருந்து சென்ற நீதிபதி பி.எஸ். கைலாசம் மட்டும் மாறுபட்டார். பெரும்பான்மைக்காக நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்போடு ஒத்துப்போனவர்களில் முர்தசா ஃபசல் அலியும் ஒருவர். 1950-ல் மாறுபட்டு எழுதிய ஃபசல் அலியின் மகன்.

அதே அமர்வில் வி.ஆர். கிருஷ்ண ஐயரும் இருந்தார். கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று 1948-ல் மலபாரில் ஒரு மாதம் சிறை வைக்கப்பட்டவர். மேனகா தீர்ப்பு வந்த அதே 1978-ல், சிறைவாசிகளின் உரிமை பற்றிய சுனில் பத்ரா வழக்கில் அவர் வெளிப்படையாகவே எழுதினார்: நம் அரசியல் சட்டத்தில் டியூ பிராசஸ் என்ற வாசகம் இல்லை, ஆனால் மேனகா தீர்ப்புக்குப் பிறகு பலன் ஒன்றுதான்.

நம்பியார் 1950-ல் தோற்றதோடு ஓய்ந்துவிடவில்லை. 1965 பிப்ரவரியில் டீட்ரிச் கான்ராட் என்ற ஜெர்மானியப் பேராசிரியர் காசி இந்து பல்கலைக்கழகத்தின் சட்டத் துறையில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அரசியல் சட்டத்தைத் திருத்தும் நாடாளுமன்றம் அதன் உயிரையே திருத்தி அழித்துவிட முடியுமா என்பது அவர் எழுப்பிய கேள்வி. ஹிட்லரைப் பார்த்த நாட்டிலிருந்து வந்த கேள்வி அது. அந்த உரை நம்பியாரின் கைக்கு வந்து சேர்ந்தது. இம்முறை அவர் அமெரிக்காவை விட்டுவிட்டு ஜெர்மனியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, கோலக்நாத் வழக்கில் பதினொரு நீதிபதிகளின் முன்னால் போய் நின்றார்.

(தொடரும்)